பிடியரிசி



1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் வழிவந்த சபையொன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் அடுக்களையில் ஒரு பனையோலைக் குட்டான் இருந்தது. உலையில் அரிசி இடுமுன் அம்மா ஒரு பிடி அள்ளி அதிலே போடுவார். ஞாயிறுதோறும் அது காணிக்கையாக ஆலயத்திற்குப் போகும். அதுதான் பிடியரிசி. எனக்கு அது வீட்டு வழக்கங்களில் ஒன்று, அவ்வளவே.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, தென்மராட்சியில் ஓர் ஆலய மண்டபத்தில் ஒதுங்கினோம். சில நாட்களில் நிவாரண அரிசி கிடைத்தது. குட்டான் வீட்டோடு போயிற்று. அம்மா ஒரு வெற்றுப் பால்மாப் பேணியைத் தேடியெடுத்து, அதிலே ஒரு பிடியைப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"வரிசையிலை நிண்டு வாங்கின அரிசியிலையும் பிடியரிசியோ, அம்மா?"

"இண்டைக்குச் சமைக்க இருக்குத்தானே, தம்பி. அதுக்கு நன்றி சொல்ல வேண்டாமோ?"

மறுநாள் மற்றப் பெண்களும் அந்தப் பேணியில் ஆளுக்கொரு பிடி போட்டனர்.

நாலாம் நாள் மாலை, கைக்குழந்தையுடன் ஒரு சைவக் குடும்பம் நனைந்தபடி வந்து சேர்ந்தது. அன்றிரவு அவர்களுக்குக் கஞ்சியானது அந்தப் பேணி அரிசிதான்.

அடுத்த வாரம் அவர்களுக்கும் நிவாரணம் கிடைத்தது. அந்தப் பெண் கையைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, அந்தப் பேணி எங்கை?"

ஆலயத்தில் சிறுவயது முதல் கேட்ட 'ஐக்கியம்' என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.