பொட்டலத்தின் அளவு



ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்வோம். மாதக் கடைசி. ஆபீஸில் கிராணி கணினி முன் அமர்ந்து, செக்ரோல் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். கடவுச்சொல்லைக் கணினி ஏற்றுக்கொண்டது. சிறு கடிதங்களும் போயின. ஆனால், நூறு பேரின் சம்பளப் பட்டியல் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. லயத்தில் முணுமுணுப்பு. கிராணிக்குக் கெட்ட பெயர். உண்மையில் குற்றம் யாருடையது?

அந்தப் பட்டியல் போய்ச் சேர வேண்டிய இடம் ‘மேகக் கணினி’. பெயர்தான் மேகம், இருப்பதோ தரையில். பெரிய கட்டடங்களில் அடுக்கிய சர்வர்களைப் பிறருக்கு வாடகைக்கு விடும் முறை இது. 2024 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் நம் மலேசியாவிலேயே இச்சேவைக்கான நிலையங்களைத் தொடங்கியது.

கணினி எதையும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, முகவரி எழுதித்தான் அனுப்பும். இணையத்தில் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். முகவரி முதலியவற்றுக்கு 40 பைட் போக, சரக்குக்கு 1460 மிஞ்சும். ஒரு லட்சம் பைட் பட்டியலுக்கு 69 பொட்டலங்கள் வேண்டும்.

அமேசான் சர்வர்கள் தங்களுக்குள் 9001 பைட் வரை அனுப்பிக்கொள்ளலாம். அதே பட்டியல் 12 பொட்டலங்களில் அடங்கிவிடும், வேலையும் விரைவு. ஆனால், அங்கிருந்து இணையத்துக்கு வெளிவரும் வாசலில் 1500தான். கூகள் நிறுவனத்தின் மேகத்திலோ தொடக்க அளவு 1460. தோட்டத்துக்குள் டிராக்டர் நீண்ட டிரெய்லரில் செம்பனைக் குலை ஏற்றி ஓடலாம். வெளிச்சாலையின் சிறு பாலத்தில் அது செல்லுமா?

தோட்ட ஆபீஸுக்கும் சர்வருக்கும் இடையே, பிறர் படிக்காதபடி மூடிய தனிவழி ஒன்றை அமைப்பதுண்டு. அதில் ஒவ்வொரு பொட்டலத்தையும் இன்னோர் உறையில் இட்டு அனுப்புகிறார்கள். உறைக்கும் இடம் வேண்டுமல்லவா? 1500 பைட் பொட்டலம் உறையோடு சேர்ந்தால் அளவை மீறிவிடும். இரு முனைக் கணினிகளும் தத்தம் அளவைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்கின்றன. நடுவழியின் குறுக்கமோ அவற்றுக்குத் தெரியாது.

இதற்காக 1990இல் ஒரு முறை வகுத்தார்கள். குறுகிய இடத்திலுள்ள கருவி, “பொட்டலம் பெரிது; இன்ன அளவில் அனுப்பு” என்று திருப்பிச் சொல்லும். பாலத்தருகே நிற்கும் ஜாகாக்காரர் லோரியைத் திருப்பி அனுப்புவது போலத்தான். ஆனால், பாதுகாப்பு என்று கருதிச் சிலர் அந்தச் செய்தியையே தடுத்துவிடுகிறார்கள். ஜாகாக்காரரின் வாயைக் கட்டிய கதைதான். பெரிய பொட்டலம் வழியில் கைவிடப்படுகிறது. அனுப்பிய கணினி காரணம் அறியாமல் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சிறியவை போகும், பெரியவை நிற்கும் என்பதே இந்நோயின் அடையாளம்.

இதற்கு மருந்து என்ன? ‘பிங்’ என்னும் சோதனைக் கட்டளையை, வழியில் உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன், 1472 பைட் வைத்து அனுப்ப வேண்டும். தலைப்புக்குரிய 28ஐச் சேர்த்தால் 1500 ஆகும். போகவில்லையானால், சிறிது சிறிதாகக் குறைத்துப் போகும் அளவைக் காண வேண்டும். அதனுடன் 28ஐக் கூட்டி வரும் எண்ணையே அந்தத் தனிவழியின் அளவாக இரு முனையிலும் பதிய வேண்டும். ‘பொட்டலம் பெரிது’ என்னும் செய்திக்கும் வழி விட வேண்டும்.

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பெரிய எண் இருக்கிறதே என்று அதையே எங்கும் பதியலாகாது. வழியில் மிகக் குறுகிய இடம் எதுவோ, அதை அளந்த பிறகே பதிய வேண்டும். பெற்றோர்களும் மற்றவர்களும், அனுப்பியது நின்றுபோனால் உடனே கிராணியையோ பிள்ளையின் கைப்பேசியையோ குறை கூற வேண்டாம். “சிறியது போகிறதா, பெரியது மட்டும் நிற்கிறதா?” என்று கேட்டு, அந்த விவரத்தைத் தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள். பழுது பார்க்க அவருக்கு அதுவே பேருதவி.