இல்லாத படத்தின் இடம்



புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் 266க்குப் பின் வருவது 269 என்றே அச்சிடப்படுகிறது. எண்களை நெருக்கி நூலை 398 பாடல்களாக முடித்துவிடாமல், இழந்த இரண்டிற்கும் இடம் விட்டுவைத்தது பதிப்பு மரபு.

கணிப்பொறியில் நூல் உருவாக்குவோருக்கு இதே சிக்கல் படங்களால் நேர்கிறது. டொனால்டு கனூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் மென்பொருளின்மீது, லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பியது லாடெக். இதில் ஆசிரியர் எழுதும் கோப்பில் படம் இராது. படக்கோப்பின் பெயர் மட்டுமே இருக்கும். பக்கம் உருவாகும்போது மென்பொருள் அப்பெயரைத் தேடிச் செல்லும். கோப்பு இடம் மாறியிருந்தால் அகப்படாது. பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துச் சிறிய எழுத்தாகியிருந்தால் விண்டோசு பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும், லினக்சு பொறுக்காது. ஆசிரியர் வீட்டில் கண்ட படம் அச்சகத்தில் மறைவது இவ்வாறுதான்.

பிழைச்செய்தி வந்ததும், அவசரத்தில் இருப்பவர் படத்திற்குரிய வரிகளைத் தலைப்போடு நீக்கிவிடுகிறார். பிழை அடங்குகிறது, நூல் ஊனமாகிறது. நான்காம் படம் மூன்றாம் படமாகிவிடும். நீக்கிய படத்தைச் சுட்டிய இடத்தில் இரண்டு வினாக்குறிகள் அச்சாகும். அவற்றை நன்மை என்றே கொள்ளவேண்டும். கண்ணிலாவது படுகின்றன அல்லவா? படஎண்ணைக் கையால் எழுதியிருந்தால் அந்த எச்சரிக்கையும் இல்லை. வாசகர் வேறொரு படத்தைப் பார்த்துப் பொருள்கொள்வார்.

நீக்குவதற்கு மாறாக, வரைவு நிலை என்று ஒன்று உண்டு. படம் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டமும் அதனுள் கோப்பின் பெயரும் அச்சாகும். அகலமும் உயரமும் குறித்திருந்தால் கட்டம் அதே அளவில் அமையும். பின்வரும் பக்கங்கள் நகரா. அகலம் மட்டும் குறித்திருந்தால், காணாத படத்தின் உயரத்தை மென்பொருள் அறிய வழியில்லை. கோப்பு உண்டா என முன்னதாகவே வினவி, இல்லையெனில் 'படம் வரவேண்டும்' என்று அச்சிடச் செய்யும் கட்டளையும் லாடெக்கில் இருக்கிறது.

இன்டிசைன் போன்றவற்றில் ஆபத்து வேறு வகையினது. இணைப்பு அறுந்த பின்பும் திரையில் படத்தின் மங்கல் நகல் நிற்கும். எச்சரிக்கையைப் புறக்கணித்து அச்சிட்டால் அந்த நகலே தாளில் விழும். இருப்பதுபோல் தோன்றும் இந்த இன்மையே கொடியது.

மலர்களில் இடம்பெறும் பழைய ஒளிப்படங்களுக்குப் பெரும்பாலும் ஒரே படிதான் உண்டு. கட்டத்திற்குள் 'படம்3' என்று மட்டும் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கோப்பின் பெயரிலேயே ஆளும் ஊரும் ஆண்டும் இருக்குமாயின், தேடுவோர் அந்த வீட்டுக் கதவையாவது தட்டலாம்.