எடை மிஷினும் இஞ்சு டேப்பும்

(நம் சங்கத்தின் பெங்களூரு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடுவயதிலும் அதற்கு மேலும் எடையைக் குறைத்து ஆரோக்கியமாக இருப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்து, 2011ல் ஓய்வு பெற்றவன். வயது 74. ஃபைல் பார்த்தவனுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று பழைய பக்கங்களைப் புரட்டுவான். உடம்பு விஷயத்திலும் அப்படிப் புரட்டியதில் எனக்குக் கிடைத்தது இதுதான்: நம் வயதில் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்பதைவிட, எந்தக் கிலோ குறைந்தது என்று கேட்க வேண்டும். போனது கொழுப்பா, தசையா? எடை மிஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

2004ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் நம் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! நம் தேசத்தவர்களுக்கு அதே எடையில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதிலும் வயிற்றுக்குள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேருகிற கொழுப்பு அதிகம். சர்க்கரை வியாதிக்கும் இருதய வியாதிக்கும் வழி செய்வது முக்கியமாக அந்த உள்கொழுப்புதான்.

அதனால்தான் மேல்நாட்டில் 25க்கு மேல் போனால் அதிக எடை என்று வைத்திருக்கும் கோட்டை, நம்மவர்களுக்கு 23 என்று இறக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதற்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்த கணக்கு. பேண்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். பேண்ட்டை நாம் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்கிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆத்தில் ரவிக்கைக்கு அளவெடுக்கிற டேப் போதும்.

இதில் ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. ஆபீஸ் போகிற வரையில் பேண்ட் போடுகிறோம். இடுப்பு ஓர் அங்குலம் பெருத்தால் டெய்லர் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் வேஷ்டி. வேஷ்டிக்கு ஏது சைஸ்? மூன்று வருஷத்தில் நாலு அங்குலம் கூடினாலும் அது வாயைத் திறக்காது.

இனி நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களை வைத்தே நடந்த ஒரு விஷயம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2006ல் வெளியிட்டார்கள். அலுவலகங்களில் வேலை செய்யும் மத்தியதர வகுப்பினர், அவர்கள் குடும்பத்தார் என்று 531 பேர். சராசரி வயது 46. எல்லோருக்கும் சர்க்கரை வியாதி வாசல்படியில் நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு தினமும் அரை மணியாவது வேகமான நடை, சர்க்கரையை விடுவது, மாவுப் பண்டத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது. வேறு இரண்டு பிரிவினருக்கு மாத்திரையும் உண்டு. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், சும்மா இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் இரண்டு தடவை படித்த இடம் வேறு. நடந்தவர்களுக்கு இந்தப் பலன் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இல்லாமலே கிடைத்தது! மிஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று ஆறாம் மாதமே நடப்பதை நிறுத்தியிருப்பார்.

எடை குறைந்தால் நல்லதில்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த இதே மாதிரி ஆராய்ச்சி 2002ல் வெளியானது. அங்கே எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது என்று இலக்கு வைத்தார்கள். சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 71 சதவீதம். "இந்த வயசுக்கு மேல் என்ன ஓய்" என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்காமலே. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். ஓய்வு பெற்றபோது 78 கிலோ, இடுப்பு 99 சென்டிமீட்டர். முதல் இரண்டு வருஷத்தில் எடை 72க்கு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை 71, 72 என்று அங்கேயே நிற்கிறது. ஆனால் இடுப்பு அதற்குப் பிறகும் மெதுவாக இறங்கி 90க்கு வந்திருக்கிறது. காலையில் மல்லேஸ்வரம் சாங்கி ஏரிக்கரையில் முக்கால் மணி நடை. பெங்களூரில் நடப்பதற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது, அதுதான் இந்த ஊரில் உள்ள சங்கடம். லால்பாகில் நடப்பவர்களுக்கு வேறு சோதனை. பக்கத்திலேயே எம்.டி.ஆர். யுத்த காலத்தில் அரிசிப் பஞ்சம் வந்தபோது ரவா இட்லியைக் கண்டுபிடித்த இடம். ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். நெய் மினுக்கும் ஒரு மசால் தோசையில் அதற்கு மேல் இருக்கும். பௌதிகத்தில் சக்தி அழிவதில்லை என்று படித்தோமே, தொப்பை அதற்கு நிரூபணம்.

இப்போது சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அத்திம்பேருக்கு 72 வயதில் சர்க்கரை கூடியது. மனோதிடம் உள்ளவர். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பகலில் கஞ்சி, காய்கறி, கொஞ்சம் பழம். பருப்பு வாயு என்று அதையும் ஒதுக்கினார். ஐந்தே மாதத்தில் 14 கிலோ இளைத்தார். கல்யாண வீடுகளில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு ரகசியம் கேட்டார்கள். அந்த வருஷம் அவர் தகப்பனார் சிராத்தத்தன்று மணையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி விட்டார்கள். வெகுநேரம் உட்கார்ந்ததால் கால் மரத்துவிட்டது என்றார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மூன்று மாதம் கழித்து பாத்ரூமில் விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. ஆபரேஷன், எட்டு மாதம் படுக்கை. பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் அறைக்கும் நடந்தார். அவர் ஆத்துச் சிராத்தத்தை அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்தார். அவருக்கு அதில் இருந்த வருத்தத்தை என் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த 14 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. ஆனால் தேகப்பயிற்சியும் இல்லாமல், போதுமான புரதமும் இல்லாமல் வேகமாக இளைத்தால், போவதில் கணிசமான பங்கு தசையாக இருக்கும் என்பது தெரிந்த விஷயம். முப்பது வயதுக்கு மேல் எப்படியும் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டு பங்கு தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். இப்போது பிள்ளைகள் கேட்கிற ஊசி மருந்துகளுக்கும் இது பொருந்தும். மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கு வந்தது. பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிலும் குறைகிற எடையில் ஒரு பங்கு தசை. டாக்டர் எழுதிக் கொடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் தசைக்கு என்ன செய்யப் போகிறோம் என்றும் அவரையே கேட்க வேண்டும்.

கரைந்த தசை திரும்பி வருமா? வரும். பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பளு தள்ளும் பயிற்சி கொடுத்தார்கள். 1990ல் வெளியான ஆராய்ச்சி. முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள். தொண்ணூறில்!

பிரேசில் தேசத்தில் 51 முதல் 80 வயது வரை 2,002 பேரை, தரையில் உட்கார்ந்து கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லி மார்க் போட்டார்கள். 2012ல் வந்தது. ஆறு வருஷம் தொடர்ந்து பார்த்ததில், மார்க் குறைந்தவர்களே அதிகமாக இறந்திருந்தார்கள். படித்ததும் எனக்கு வந்த எண்ணம், இந்தப் பரீட்சை நம் ஆத்தில் தினமும் நடந்துகொண்டிருந்ததுதானே! சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்து எழுந்து, தரையில் சாப்பிட்டு, பெரியவர்களைக் கண்டால் நமஸ்காரம் பண்ணி எழுந்து. வடகலைக்காரர்கள் நாலு தடவை சேவிப்பார்கள், அந்த மட்டில் அவர்களுக்கு லாபம். டைனிங் டேபிள் வந்தது, சோபா வந்தது, பூஜை அறையிலும் ஸ்டூல் வந்தது. முழங்கால் நன்றாக இருக்கும்போதே ஸ்டூலுக்குப் போனவர்களை நான் அறிவேன்.

ஆகாரத்துக்கு வருகிறேன். நாம் சைவம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, புரதத்துக்கு என்ன குறை என்று நினைக்கிறோம். கணக்குப் போடுவோம். நாலு பேர் தளிகையில் 100 கிராம் துவரம்பருப்பு என்றால் ஆளுக்கு 25 கிராம், அதில் புரதம் ஐந்தரை கிராம். 200 கிராம் அரிசியில் 15. தயிரிலும் காபிப் பாலிலும் சேர்த்து 13. மொத்தம் 33, 34. ஐ.சி.எம்.ஆர். 2020ல் சொன்ன கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 65 கிலோ மனிதருக்கு 54. வயதானவர்களுக்கு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்று நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். இருபது கிராமுக்கு மேல் துண்டு விழுகிறது. பட்ஜெட் போட்டவனுக்குத் தூக்கம் வருமா?

துண்டை அடைக்க வெளிநாட்டுப் பவுடர் டப்பா வேண்டாம். நவராத்திரி ஒன்பது நாளும் பண்ணுகிற சுண்டலை வருஷம் முழுக்கப் பண்ணினால் போதும். 50 கிராம் கொண்டைக்கடலையில் ஒன்பது, பத்து கிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஆறு. பருப்பு நிறையப் போட்டு அரைத்த அடை, பாசிப்பருப்புக் கோசுமல்லி, கொஞ்சம் பனீர். மார்கழி, தையில் இந்த ஊரில் அவரேகாளு சீசன், நம் மொச்சை ஜாதிதான். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் முழுவதும் அதன் வாசனை. இங்கே இருந்துகொண்டு அதைச் சாப்பிடாதவர்கள் பாக்கியம் இல்லாதவர்கள். சாதத்தை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் இவற்றை வைக்க வேண்டும், சாதத்துக்கு மேல் அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. காபியை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, தைரியமும் இல்லை. சர்க்கரையை மட்டும் வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அந்தச் சர்க்கரையில் மட்டும் 160 கலோரி.

(பேச்சு முடிந்ததும் ஒரு மாமி எழுந்து, "எனக்கு மூட்டு வலி, நடக்கவே முடியாது. எனக்கு என்ன வழி?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையும் இங்கே சேர்க்கிறேன்.)

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். பிறகு அடுத்த கால். இப்படிப் பத்துப் பத்து. வலி தாங்குகிற அளவுக்கு, நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவது, காலையும் மாலையும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், பக்கத்தில் யாராவது இருக்கட்டும். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் மேல் விழுகிற பாரம் குறையும். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு மூன்று தடவை போய்ச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது நல்லது.

மாமி அப்போதே எழுந்து உட்கார்ந்து பார்த்தார். ஏழு தடவை வந்தது. பக்கத்தில் இருந்த அவர் ஆத்துக்காரர் நாலில் நிறுத்திக்கொண்டு, காபி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.