எழுந்து நிற்கச் சொன்னவன் பேசுகிறேன்

(இரவுப் பாடசாலை ஒன்றின் ஆண்டு விழாவில், 2025 ஏப்ரல் 14 அன்று, ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் அரசியல் பற்றியும் இடஒதுக்கீடு பற்றியும் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. 1988இலிருந்து 2024 வரைக்கும் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசியதுதான் பழக்கம். அதனால் என் கதையையே சொல்லிவிட்டுப் போகிறேன். கஷ்டப்பட்டேன், படித்தேன், வாத்தியார் ஆனேன் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும்.

திண்டிவனம் பக்கம் ஒரு சேரியில் 1964இல் பிறந்தேன். எங்கப்பா ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்குப் படியாள். எங்கம்மா நடவு, களையெடுப்பு, கரும்புக்குச் சோகை உரிக்கிறது என்று எது கிடைத்தாலும் போவாள். பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் இருந்தது. தண்ணிப் பானையில் நாங்கள் மொண்டு குடிக்கக் கூடாது. ஊர்ப் பையன் எவனாவது மொண்டு ஊற்றினால் கையேந்திக் குடிக்கணும். அவன் விளையாடப் போய்விட்டால் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கணும். அம்பேத்கர் சின்ன வயசில் சாத்தாராவில் பட்டதும் இதுதான். பியூன் வந்து ஊற்றினால் தண்ணி, பியூன் வரவில்லை என்றால் தண்ணி இல்லை. உட்காருவதற்குச் சாக்கையும் அவர் வீட்டிலிருந்தே கொண்டுபோனார். அவர் பிறந்தது 1891இல். எழுபது வருசம் கழித்துப் பிறந்த எனக்குச் சாக்கு மட்டும்தான் போயிருந்தது.

வாத்தியார் எங்களைத் தொட்டு அடிக்கமாட்டார். பிரம்பைத் தூரத்திலிருந்தே வீசுவார். ஊர்ப் பையன் ஒருத்தன் ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு வருவான். அந்த அடியெல்லாம் ஆறிப்போச்சு. ஆறாதது ஒன்று உண்டு. வருசத்துக்கு ஒரு முறை, நோட்டுப் புத்தகமோ ஸ்காலர்ஷிப்போ வந்தால், "சேரிப் பசங்கள்ளாம் எழுந்திரிங்கடா" என்பார். எழுந்து நிற்போம். தலையை எண்ணுவார். எண்ணி, எழுதி, மறுபடியும் எண்ணி முடிக்கிற வரைக்கும் நிற்கணும். உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார்கள். நாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒன்றும் செய்யாமலே தப்பு செய்தவன் மாதிரி ஒரு நிற்பு.

அதற்கப்புறம் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை கிடைத்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. "நீங்க இன்னா ஆளுங்க சார்?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். சொன்னால், "வீட்டுக்குச் சொந்தக்காரங்க வராங்க சார்" என்பார்கள். பதினெட்டு மைல் சைக்கிள் மிதித்துத்தான் ஒரு வருசம் வேலை பார்த்தேன்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன்.

1990களின் நடுவில், ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. உதவித்தொகைக்குப் பட்டியல் அனுப்பச் சொல்லி ஆபீஸிலிருந்து தாள் வந்தது. சாயந்தரத்துக்குள் போகணும் என்று தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். நான் வகுப்புக்குள் போனேன். யோசிக்கவே இல்லை. "காலனிப் புள்ளைங்கள்ளாம் எழுந்திரிங்க" என்றேன். எந்த வாத்தியாரிடம் கற்றுக்கொண்டேனோ அதே தொனி. சேரி என்கிற சொல் மட்டும் காலனி என்று மாறியிருந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். ஒரு பெண் பிள்ளை எழுந்திருக்கவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை. அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள், ஆயாவோடு இருந்தது. நான் விடவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ ஏம்மா உக்காந்திருக்க? நீயும் காலனிதானே?" என்றேன். மெதுவாக எழுந்து, "எனக்குக் காசு வேணாம் சார்" என்றது. நான் சிரித்துவிட்டு, பேரை எழுதிக்கொண்டேன்.

பக்கத்தில் ஊர்த்தெருப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே புத்தகத்தை வைத்துப் படிக்கும். மறுநாள் அந்த இடம் காலியாக இருந்தது. ஊர்ப் பிள்ளை வேறு வரிசைக்குப் போய்விட்டது. வீட்டில் சொல்லியிருப்பார்கள். சில வாரத்தில் நம் பிள்ளையும் பள்ளிக்கு வரவில்லை. தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆயா திண்ணையில் இருந்தது. "அவ சூளைக்கே போயிட்டா சார், அம்மாகூட. அப்படி இன்னா சார் சொன்னீங்க எம்பொண்ண?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. வறுமைதான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சூளை முன்பணம், கடன் எல்லாம் உண்மைதான். ஆனால் அதுவரைக்கும் ஆயாவோடு தங்கிப் படித்த பிள்ளை, நான் எழுப்பி நிறுத்தின பிறகுதான் போனது.

தோழர்களே, சாதி ஆதிக்கம் என்பது எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. ஒடுக்கப்பட்டவனே அதன் குரலை வாங்கி வைத்திருக்கிறான், அவசரத்தில் அது வாயில் வந்துவிடுகிறது. சேரியில் பிறந்ததாலேயே ஒருவன் சேரிப் பிள்ளைக்கு நல்ல வாத்தியாராகிவிட மாட்டான். இதைப் புத்தகத்தில் நான் படிக்கவில்லை, அந்த ஆயாவின் திண்ணையில் படித்தேன்.

அதற்குப் பிறகு சில காரியம் செய்தேன். பட்டியலை வகுப்பில் கேட்டு எழுதுவதை நிறுத்தினேன். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து நானே எழுதி, கையெழுத்துக்கு வீட்டுக்கே போவேன். உட்காருவதை அகரவரிசைப்படி மாற்றினேன். கக்கூஸ் கழுவ, கூட்டிப் பெருக்க நம் பிள்ளைகளையே அனுப்புகிற வழக்கத்தை மாற்றி எல்லாருக்கும் முறை போட்டேன், என் பேரையும் சேர்த்து. ஊர்த்தெருவிலிருந்து ஆள் திரண்டு வந்து சண்டை போட்டார்கள். மனு போனது. எனக்கு மாறுதல் வந்தது. போன இடத்திலும் அதையே செய்தேன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். 2000க்குப் பிறகு இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளின் வேன் ஊர்த்தெருவுக்குள் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் வகுப்பு முழுக்கக் காலனிப் பிள்ளைகள். யாரையும் எழுந்து நிற்கச் சொல்லத் தேவையே இல்லை. நாங்கள் கேட்ட சமத்துவம் இந்த மாதிரியா வரணும்?

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்றும் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பிள்ளையைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. படித்தபோது எனக்கு அந்த ஐந்தாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது. அறிக்கை வந்துவிட்டது. அது வகுப்பறைக்குள் வந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் காலனிப் பள்ளிக்குப் போங்கள். பட்டியலை எப்படி எடுக்கிறார்கள், கக்கூஸை யார் கழுவுகிறார்கள், சத்துணவுக்கு யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். சண்டைக்கு முன்னால் கேள்வி.

இன்னொன்று. இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஸ்காலர்ஷிப்பே வேணாம்" என்று யாரும் போய்விடாதீர்கள். அது பிச்சை கிடையாது. பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனார். அவர் 1942இல் வைஸ்ராய் கவுன்சிலுக்குள் போனபோது நம் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் கேட்டு வாதாடினார். 1944இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. வாதாடி வாங்கினதைத் தலைநிமிர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வாங்குகிறவனை வேடிக்கைப் பொருளாக்கி நிறுத்துவதை மட்டும் எதிர்த்து நில்லுங்கள்.

பேச வந்தவுடன் இங்கே ஒரு தம்பி கேட்டார், "அந்தப் பொண்ணு பேரு என்னங்க சார், நாங்க தேடிப் பாக்கறோம்" என்று. அதற்கு இப்போது முப்பத்தஞ்சு, நாப்பது வயசு இருக்கும். அதன் பிள்ளைகள் எங்கேயோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். பேரைச் சொல்லமாட்டேன் தம்பி. சபையில் ஒரு தடவை பேரைச் சொல்லி எழுப்பி நிறுத்தினது போதும்.

ஜெய் பீம்.