கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்த மை?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரியின் பழைய குரூப் போட்டோக்களை நகலெடுத்து நூலகத்தில் மாட்டுவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. நல்ல காரியம். அதற்கு எந்தப் பிரிண்டர், எந்த மை என்று பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். "இதுல பேச என்ன இருக்கு அண்ணாச்சி, கடையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தருவானே" என்றார் ஒரு நண்பர். எடுத்துத் தருவார்கள்தான். எத்தனை வருஷம் அது அப்படியே இருக்கும் என்பதுதான் கேள்வி.

நம்மிடம் உள்ள பழைய படங்கள் வெள்ளியால் ஆனவை. ஜெலட்டின் பூச்சுக்குள் நுண்ணிய உலோக வெள்ளித் துகள்களாகப் படிந்திருப்பதுதான் அந்தக் கறுப்பு. ஹைப்போவில் சரியாகப் போட்டு, நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலசி எடுத்த படம் இரண்டு தலைமுறை தாண்டியும் நிற்கிறது. அவசரத்தில் அலசாமல் விட்டது மஞ்சளித்துப் போகிறது. அந்தக் காலத்தில் ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பர் நம் ஸ்டுடியோக்களுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தத் தொழிற்சாலையும் போய்விட்டது, தெருவுக்குத் தெரு இருந்த டார்க் ரூமும் போய்விட்டது. இன்று கலர் லேபில் கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்தால் பெரும்பாலும் கலர் பேப்பரில்தான் போட்டுத் தருவார்கள். அதில் வெள்ளி கிடையாது; மூன்று சாயங்கள் சேர்ந்து கறுப்பு மாதிரி காட்டுகின்றன.

இனி பிரிண்டருக்கு வருவோம். மையில் இரண்டு ஜாதி. ஒன்று சாய மை, கடைக்காரர்கள் 'டை' என்பார்கள். சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல நிறம் திரவத்தில் கரைந்திருக்கும். மற்றது பிக்மென்ட் மை. சுவரில் காவி அடிக்கிறோமே, அதுபோல, கரையாத துகள் திரவத்தில் மிதந்து வந்து காகிதத்தில் படியும். சாயம் வெளுக்கும் என்பது வேட்டி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். வெயில் மட்டுமல்ல, காற்றும் அதை அரிக்கும். 2000-ஆம் ஆண்டு எப்சன் 1270 பிரிண்டரில் போட்ட படங்கள் சில, ஒரு குறிப்பிட்ட பளபளப்புக் காகிதத்தில், சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. காற்றிலுள்ள ஓசோன்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சாய மை அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் பல காலம் சுவரில் தொங்கவேண்டிய படத்துக்கு பிக்மென்ட் மைதான் பத்திரம்.

இந்த பிக்மென்ட் கறுப்பு என்ன தெரியுமா? பெரும்பாலும் கரி. நம் ஊருக்குக் கரி புதிதல்ல. அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் ஓலைகளைத் தேடி வெளிக்கொணர்ந்தவர் கவிமணி. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் மட்டும் போதாது. கீறலில் விளக்குக்கரியைத் தேய்த்தால்தான் எழுத்து துலங்கும். நாகர்கோவிலில் 1820-களில் மிஷன் அச்சுக்கூடம் வந்தபோது அச்சு மையும் கரிதான். ஓலையைப் பூச்சி அரிக்கும், காகிதம் நைந்துபோகும், கரி வெளுக்காது.

அடுத்து, எத்தனை கறுப்பு? ஸ்டுடியோக்களில் நாம் பார்க்கும் ஆறு வண்ண டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு ஒன்றே ஒன்றுதான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் நீலம், சிவப்பு, மஞ்சளைக் கலந்துதான் அது உண்டாக்கும். அப்படி வந்த சாம்பல் டியூப் லைட்டில் பச்சையடிக்கும், குண்டு பல்பில் செம்மை தட்டும். அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறம்! 2005-ல் எப்சன் ஆர் 2400 மூன்று அளவுக் கறுப்போடு வந்தது: முழுக் கறுப்பு, இளங்கறுப்பு, அதைவிட இளங்கறுப்பு. கறுப்பு வெள்ளைக்கென்றே தனி வழியும் அதில் வைத்திருந்தார்கள். அதில் கலர் மை பெயருக்குத்தான் சேரும். அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர் எல்லாத் தொட்டியிலும் கரி மையையே ஏழு அளவுகளில் நிரப்பிப் படம் போட வழி செய்தார். சுத்தக் கரியில் வரும் படம் கொஞ்சம் பழுப்போடிய இதமான நிறமாக இருக்கும். பழைய குரூப் போட்டோவுக்கு அது பொருந்தவே செய்யும்.

காகிதத்தையும் பார்க்கவேண்டும். கண்ணைப் பறிக்கும் வெள்ளைக் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கும். அது காலப்போக்கில் வலுவிழந்தால் காகிதம் மஞ்சளாகத் தெரியும். ஆகவே அமிலமில்லாத பருத்திக் காகிதம் நல்லது. பளபளப்பில்லாத காகிதத்துக்கு மேட் கறுப்பு, பளபளப்புக்கு போட்டோ கறுப்பு. மாற்றிப் போட்டால் ஒன்று கறுப்பு சோகையாக இருக்கும், அல்லது கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆக, முதலில் மை, இரண்டாவது காகிதம், மூன்றாவதுதான் பிரிண்டர். நாம் பெரும்பாலும் தலைகீழாக, விளம்பரத்தைப் பார்த்து பிரிண்டரை வாங்கிவிட்டு மையைத் தேடுகிறோம்.

சங்கம் பிரிண்டர் வாங்கவேண்டாம் என்பது என் யோசனை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, பக்கத்திலேயே கடல். வருஷத்துக்கு நாலு படம் போட்டுவிட்டு மூடிவைத்தால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். பிக்மென்ட் மை என்றால் வாரம் ஒருமுறையாவது ஓட்டவேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் கொடுத்து வாங்குவதே லாபம். கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: சாய மையா, பிக்மென்ட்டா? கறுப்பு எத்தனை? காகிதம் என்ன? டேங்கில் ஊற்றியிருப்பது கம்பெனி மையா, வெளி மையா என்பதையும் கேட்கலாம். கம்பெனி சொல்லும் ஆயுள் கணக்கு அவர்களுடைய மைக்கும் காகிதத்துக்கும் மட்டும்தான்.

வேதியியல் படிக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு சின்ன வேலை. ஒரே படத்தை இரண்டு விதமான மையில் போட்டு, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியை நோட்டுக்குள் வையுங்கள், மறு பாதியை வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்துச் சேர்த்துப் பாருங்கள். நான் சொன்னதை நம்பவேண்டாம், ஜன்னல் சொல்லும்.

போட்ட படத்தை ஒரு நாளாவது உலரவிட்டுத்தான் பிரேம் போடவேண்டும். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவே அட்டை இடைவெளி வேண்டும். மழையில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டக்கூடாது. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். மூலப் படத்தை மட்டும், நகல் வந்துவிட்டதே என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் படங்கள் பலவற்றில் பெயர் இல்லை. இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள். அடுத்த சந்திப்பில் எத்தனை பேர் இருப்போமோ! நல்ல மையில் போட்ட படம் நூறு வருஷம் நின்றாலும், பெயர் தெரியாவிட்டால் அது யாரோ ஒருவர் படம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படங்களை மேசையில் பரப்பி வைக்கிறோம். மூத்தவர்கள் பெயர் சொல்லட்டும், மாணவர்கள் பின்பக்கம் மெதுவாக, அழுத்தாமல் எழுதட்டும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை ஊறும். பென்சில் போதும். பென்சிலும் கரிதானே!