விளையாட்டின் பெயரால் வரும் அழைப்பு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எம்மைக் கேட்டபோது, நூறு ஆண்டுகளில் வென்ற கேடயங்களைப் பற்றிப் பேசுவோம் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். கேடயங்கள் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை நீங்களே பார்க்கலாம். நாம் பேச விரும்புவது, அவற்றை நாம் வென்ற அதே வயதில் இன்று மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஓர் அழைப்பைப் பற்றி. "உங்கள் மகள் நன்றாக ஆடுகிறாள். வெளிநாட்டுக் கழகம் ஒன்று எடுக்கத் தயாராக இருக்கிறது. கடவுச்சீட்டையும் கொஞ்சப் பணத்தையும் ஆயத்தப்படுத்துங்கள்" என்பதே அந்த அழைப்பு.

இந்த அழைப்பு எமது கரையில் எளிதாக நம்பப்படும். அதற்குக் காரணம் உண்டு. வென்னப்புவ, மாரவில, சிலாபம் தொடங்கி, உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி வரைக்கும் வெளிநாடு என்பது எமக்குத் தூரத்துச் சொல் அன்று. வென்னப்புவையைச் 'சின்ன இத்தாலி' என்று ஊரே சொல்லும். அங்குள்ள மாடி வீடுகள் பல இத்தாலிப் பணத்தில் எழுந்தவை. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மத்திய கிழக்குக்குப் போய்வந்த தாய்மார் எத்தனையோ பேர். போனவர் வீடு கட்டினார், தங்கைக்குக் கலியாணம் செய்து வைத்தார் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆகையால் "இத்தாலி" என்றோ "டுபாய்" என்றோ ஒருவர் சொன்னால், "எப்படி?" என்று கேட்பதற்கு முன் "எப்போது?" என்று கேட்கும் ஊர் எங்களுடையது. அதோடு விளையாட்டும் சேர்ந்தால் நம்பிக்கை இரட்டிப்பாகிறது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உதைபந்தாட்டம் ஊரின் உயிர். தெற்கே போனால் கரப்பந்தாட்டமும் ஓட்டமும். பிள்ளையின் திறமை உண்மை. அந்த உண்மையின் மேல்தான் பொய் ஏறி உட்காருகிறது.

விளையாட்டு வெளிநாட்டுக்கு ஒரு கதவு என்பதை எமது நாடு முன்பே கண்டிருக்கிறது. 2004 செப்டெம்பரில் இலங்கையின் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள விட்டிஸ்லிங்கன் என்ற சிற்றூருக்குப் போனார்கள். உள்ளூர்க் கழகங்களோடு ஆடித் தோற்றார்கள். ஒரு நாள் காலையில் ஒருவரையும் காணவில்லை. இலங்கையில் அப்போது தேசிய ஹேண்ட்போல் அணி என்று ஒன்று இருக்கவேயில்லை. 2008இல் அக்கதை 'மச்சான்' என்ற திரைப்படமாகவும் வந்தது. பார்த்தவர்கள் சிரித்தோம்.

2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு எமது நாட்டிலிருந்து சுமார் 160 பேர் போனார்கள். அவர்களில் ஒன்பது வீரர், வீராங்கனைகளும் ஒரு முகாமையாளருமாகப் பத்துப் பேர் திரும்பி வரவில்லை. நாட்டில் எரிபொருளும் மருந்தும் கிடைக்காமல் வரிசையில் நின்ற ஆண்டு அது. முதலில் காணாமற்போன மூவரைப் பிரித்தானியப் பொலிஸார் கண்டுபிடித்தார்கள். ஆனால் வீசாவுக்கு ஆறு மாதக் காலம் இருந்தபடியால் அவர்கள் அந்நாட்டுச் சட்டத்தை மீறியிருக்கவில்லை. யாரும் நழுவிவிடக் கூடாது என்று எல்லோருடைய கடவுச்சீட்டையும் அதிகாரிகள் வாங்கி வைத்திருந்தார்கள். அதுவும் பயன்படவில்லை.

அந்தக் கடவுச்சீட்டு விடயத்தில் நாம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பிள்ளையின் கடவுச்சீட்டைப் பெரியவர் ஒருவர் வாங்கி வைப்பது வழமைதான் என்று அவளைப் பழக்கிவிட்டால், நாளை யாரோ ஒரு முகவர் "தா, நான் பத்திரமாக வைக்கிறேன்" என்று கேட்கும்போது அவள் மறுக்கமாட்டாள். பாதுகாப்பு என்று நாம் செய்வது, ஏமாற்றுகிறவனுக்கு வழி திறந்து வைத்ததாக முடியும்.

விட்டிஸ்லிங்கனிலும் பர்மிங்ஹாமிலும் போனவர்களில் பலர் தாமாகவே முடிவெடுத்துப் போனவர்களாக இருக்கலாம். விளையாட்டை வழியாக வைத்து எல்லை கடப்பது ஒன்று. மனிதக் கடத்தல் வேறொன்று. சட்டம் அதில் மூன்று விடயங்களைப் பார்க்கிறது. ஒருவரை ஆட்சேர்த்தல், கொண்டுபோதல், தங்கவைத்தல் போன்ற செயல். அதற்கு ஏமாற்று, மிரட்டல், பலவந்தம், அவரது இயலாமையைப் பயன்படுத்துதல் போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையானால் நடுவிலுள்ள வழியை நிரூபிக்கவே தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை இதைத்தான் சொல்கிறது. இலங்கை 2015இல் அதற்கு ஏற்புறுதி அளித்தது. அதற்கு முன்பே, 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எமது தண்டனைச் சட்டக்கோவையில் இக்குற்றத்தைச் சேர்த்து, இருபது ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்துவிட்டது. ஏமாற்றப்பட்ட பிள்ளையைப் பார்த்து "நீதானே கையெழுத்து வைத்தாய்?" என்று கேட்பது சட்டத்தின்படியும் செல்லாது. அது எமது வாயிலும் வரக் கூடாது.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இது நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கிறது. மேற்கு ஆபிரிக்கச் சிறுவர்களை உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்ப்பதாகச் சொல்லி, குடும்பத்திடம் பணம் வாங்கி, ஐரோப்பிய நகரத்துத் தெருவில் விட்டுவிட்டுப் போவது நெடுநாளாக நடக்கும் கொடுமை. 2015இல் லாவோஸ் நாட்டுக்கு ஆபிரிக்காவிலிருந்து வயது குறைந்த 23 பேர் உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடம் என்று அழைத்துச் செல்லப்பட்ட செய்தி வெளிவந்தது. சம்பளமும் தங்குமிடமும் தருவதாக ஒப்பந்தம். படுத்தது விளையாட்டரங்கில், தரையில் விரித்த மெத்தைகளில். 2023 ஜூனில் போர்த்துக்கல்லின் வடக்கே ஓர் உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடத்தை அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் சோதனையிட்டபோது 47 இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் 36 பேர் வயது வராதவர்கள். தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா என்று பல இடங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள். போனவர்கள் எல்லாம் திறமையில்லாதவர்கள் என்றோ பேராசைக்காரர் என்றோ எண்ணிவிடாதீர்கள். எமது பிள்ளைகளைப் போலவே மாலையில் மைதானத்துக்குப் போன பிள்ளைகள் அவர்கள்.

விளையாட்டுப் பிள்ளை ஏன் எளிதில் அகப்படுகிறாள்? முதலாவது, காலம். மருத்துவம் படிக்க இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம். ஓட்டக்காரிக்கு அந்த ஓராண்டு திரும்பி வராது. "இந்த மாதமே முடிவு சொல்லுங்கள்" என்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாவது, பயிற்றுநர் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்யப் பழகியவள் அவள். மூன்றாவது, சுற்றுப்போட்டிக்குப் போகும் வீசா குறுகிய கால வீசா. வேலைக்குப் போகிறவரைப் போல அவள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வீசா முடிந்த நாளிலிருந்து பொலிஸுக்குப் பயந்து, கொண்டுபோனவன் சொன்ன வேலையைச் செய்வதைத் தவிர அவளுக்கு வழி இராது. நான்காவது, கடன். காணி உறுதியை வைத்து, நகையை அடகு வைத்து, சீட்டை முன்கூட்டி எடுத்துக் கொடுத்த பணம் அது. ஐந்தாவது, வெட்கம். சந்தியில் பதாகை கட்டி, மாலை போட்டு வழியனுப்பிய ஊருக்கு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? கடனும் வெட்கமும் சேர்ந்து போடும் பூட்டை வெளியிலிருந்து யாரும் பூட்டத் தேவையில்லை.

இதைச் சொல்ல எமக்குப் புத்தகம் வேண்டாம். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து வந்த எமது தாய்மாரைக் கேட்டால் போதும். இறங்கியதும் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டார்கள், சொன்ன வீடு வேறு போன வீடு வேறு, சொன்ன சம்பளம் வேறு கிடைத்தது வேறு, தொலைபேசியைத் தரவில்லை என்பார்கள். சப்பாத்தும் சீருடையும் போட்டுக்கொண்டு வரும் அழைப்பிலும் அடையாளங்கள் இவைதான். மகளின் ஒப்பந்தத்தைப் பார்க்க இங்கிலிஷ் தெரிந்தவரைத் தேடும் நாம், முதலில் அந்தத் தாயிடம் காட்டினால் என்ன?

நல்ல வழியில் போய் வென்றவர்களும் இருக்கிறார்கள். அதையும் சொல்லாவிட்டால் எமது பேச்சு பிள்ளைகளைப் பயமுறுத்தி வீட்டுக்குள் இருத்துவதாகிவிடும். இத்தாலியில் தங்கிப் பயின்ற யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் 100 மீற்றரை 9.96 வினாடியில் ஓடினார். பத்து வினாடிக்குள் ஓடிய முதல் தெற்காசியர் அவர். அடுத்த மாதம், பத்துப் பேர் காணாமற்போன அதே பர்மிங்ஹாமில் வெண்கலம் வென்றார். யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற எமது அணிகளில் ஆடினார், ஆஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார். இப்படிப் போகிறவர்களின் வழியில் ஒளிவுமறைவு இருப்பதில்லை. எந்தக் கழகம், யார் பயிற்றுநர், எங்கே தங்குகிறார் என்று ஊருக்கே தெரியும்.

ஆகவே ஓர் அழைப்பு வந்தால் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். தங்கைமார் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது: அழைப்பது யார்? கழகத்தின் பெயர், விலாசம் என்ன? அந்தக் கழகத்தை நாமாகத் தேடித் தொடர்புகொள்ள வேண்டும். முகவர் தந்த இலக்கத்துக்கு அழைத்து முகவரைப் பற்றி விசாரிப்பதில் பயனில்லை.

இரண்டாவது: இலங்கையில் அந்த விளையாட்டுக்குரிய தேசியச் சங்கத்துக்குத் தெரியுமா? நாட்டின் பெயரால் போகும் அணியானால் விளையாட்டு அமைச்சுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாவது: பிள்ளைக்கு வயது என்ன? பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைச் சில விதிவிலக்குகள் தவிர வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றக் கூடாது என்பது பீபாவின் விதி. உதைபந்தாட்ட முகவருக்கு பீபாவின் உரிமம் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐரோப்பியக் கழகம் தருகிறேன் என்று இங்கே வந்து நிற்பவரின் பேச்சை முதலிலேயே சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது: பணம் எந்தப் பக்கம் போகிறது? திறமையைத் தேடி வருகிற கழகம் பணம் கொடுக்கும். 'தெரிவுப் பரீட்சைக் கட்டணம்', 'பதிவுக் கட்டணம்' என்று எங்களிடம் பணம் கேட்டால், அவர்களுக்கு வேண்டியது பிள்ளையின் ஆட்டமன்று.

ஐந்தாவது: வீசாவில் எழுதியிருப்பதும் வாயால் சொன்னதும் ஒன்றா? "போய் இறங்கியதும் மாற்றித் தருவோம்" என்ற வார்த்தையைக் கேட்டால் பயணம் வேண்டாம். வேலைக்கான பயணமென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். பிள்ளை ஆபத்திலிருப்பதாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

இனி எமது சங்கத்தின் வேலை. பயணச் சீட்டுக்கு உதவி கேட்டு எமக்குக் கடிதங்கள் வருவதுண்டு. கொடுக்க எமக்கு மனமும் உண்டு. இந்த நூற்றாண்டில் மூன்று விடயங்களைத் தீர்மானமாக எடுக்கும்படி கேட்கிறோம்.

ஒன்று, மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் வரை சங்க நிதியிலிருந்து எந்தப் பயணத்துக்கும் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. எமது உதவியே ஒரு பிள்ளையின் கடனுக்கு முதலாவதாக அமைந்துவிடக் கூடாது.

இரண்டு, எமது பழைய மாணவிகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மிலானோ, றோம், டோஹா, குவைத், லண்டன், டொறொன்ரோ, மெல்பேர்ண். இந்த மலரை அங்கேயெல்லாம் இருந்து வாசிக்கும் சகோதரிகளே, உங்களிடம் பணம் கேட்கவில்லை, ஒரு பிற்பகலைக் கேட்கிறோம். நாம் ஒரு விலாசத்தை அனுப்புவோம். பஸ்ஸில் ஏறிப் போய், அங்கே கழகம் இருக்கிறதா, மைதானம் இருக்கிறதா, பிள்ளைகள் ஆடுகிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். பூட்டிய களஞ்சியமோ வெறும் மாடி வீடோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த அலுவலகமும் இவ்வளவு விரைவில் செய்துதர முடியாத வேலை அது. எமக்கு அது ஒரு தொலைபேசி அழைப்புத் தூரம். இதற்கென ஒரு பெயர்ப் பட்டியலை இன்று பின்வரிசை மேசையில் திறந்திருக்கிறோம். நகரத்தையும் இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.

மூன்று, போன பிள்ளை இடைநடுவில் திரும்பி வந்தால், அவளை அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அழைத்து, முன்பு இருத்திய அதே வரிசையில் இருத்துவோம். "ஏன் வந்தாய்?" என்று யாரும் கேட்கக் கூடாது. "வந்தது நல்லது, சாப்பிட்டாயா?" என்று கேட்போம். வெட்கத்துக்கு இடமில்லாத ஊரில் ஏமாற்றுகிறவனின் பாதிப் பலம் போய்விடும். அவள் வாய் திறந்து சொல்வது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும்.

தங்கைமாரே, ஓடுங்கள், ஆடுங்கள், வெளிநாட்டு மைதானத்திலும் எமது கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள். போகும்போது கடவுச்சீட்டு உங்கள் கையிலும், திரும்பி வரும் சீட்டு உங்கள் பையிலும், எமது இலக்கம் உங்கள் நினைவிலும் இருக்கட்டும்.