யார் சொன்னது?

முன்வரிசைப் பிள்ளைகளே, முதலில் ஒரு கணக்கு. உங்கள் அணிப் பிள்ளைக்கு 19 புள்ளி, மற்ற அணிப் பிள்ளைக்கு 25. அல்லது இருவருக்கும் 13. அல்லது உங்கள் அணிக்கு 7, மற்றதற்கு 1. எதைத் தெரிவுசெய்வீர்கள்?

1970ஐ ஒட்டி பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பையன்களிடம் இப்படிக் கேட்டவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து உயிர் தப்பினார். குடும்பத்தாரில் பெரும்பாலோர் தப்பவில்லை. அயலவன் எப்படிப் பகைவனாகிறான் என்பது அவருக்கு வெறும் படிப்பு அல்ல.

க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைப் பையன்களுக்குக் காட்டினார்கள். பிறகு "நீ க்ளே அணி", "நீ காண்டின்ஸ்கி அணி" என்று சொன்னார்கள். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். தன் அணியில் வேறு யார் என்றுகூட எவனுக்கும் தெரியாது. புள்ளிக்குக் காசு உண்டு, ஆனால் தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது. அப்படியிருந்தும் பலர் அந்த 7, 1 பக்கமே சாய்ந்தார்கள். நம்மவருக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவன் மேலே போகக் கூடாது!

சிரிக்காதீர்கள், நானும் அப்படித்தான். நான் தாதியாகப் பயின்றதும் வேலை செய்வதும் இந்த நாட்டில். ஒருநாள் எங்கள் வார்டில் இரண்டு பேர், கொடுத்த மருந்தைப் பதிய மறந்துவிட்டார்கள். ஒருத்தி தமிழ்ப் பிள்ளை. "பாவம், இரவு முழுக்க நின்றவள்" என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டேன். மற்றவளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினேன். அவளும் அதே இரவு முழுக்க நின்றவள்தான். இரண்டு கிழமை கழித்து அவள் அழுததைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். எழுதியதை அழிக்க முடியவில்லை.

அரசியல்வாதிகளுக்கு இந்தப் பலவீனம் நன்றாகத் தெரியும். 2003இல் ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஏழைகளுக்கான உதவித் திட்டம் தாராளமானதோ இறுக்கமானதோ, தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று சொல்லப்பட்டால் மாணவர்களும் ஆதரித்தார்கள். திட்டத்தைப் படித்துத்தான் முடிவெடுத்தோம் என்று நம்பவும் செய்தார்கள். எனக்குப் பயம் தருவது அந்த நம்பிக்கைதான். மேடையில் ஏறுகிறவர் வரவு செலவைச் சொல்லத் தேவையில்லை. "நாங்கள்", "அவர்கள்" என்றால் போதும், மிச்ச நியாயங்களை நாமே தேடிக்கொள்வோம். ஆலய வாசலில் கார் நிறுத்தும் தகராறிலேயே "அவை இந்தியாக்காரர், நாங்கள் யாழ்ப்பாணத்தார்" என்று கேட்டிருக்கிறேனே!

இப்போது யாரைப் பற்றியும் எழுதுமுன், அந்தப் பெயருக்குப் பதிலாக எனக்குப் பிடித்த ஒருத்தியின் பெயரை வைத்து ஒருதரம் வாசிக்கிறேன். சிலவேளை அனுப்புகிறேன், சிலவேளை இல்லை.

பிள்ளைகளே, அந்தப் புள்ளிக் கணக்கை இன்றைக்கு அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.